பொஸ்தகத்துக்கு எதுக்குத் தண்ணித்தொட்டி

...அளங்க தம்பி, நல்லா அளங்க. எவ்வளவு பெருசா அளந்தாலும் பத்தாதுங்கிறேன். போன தடவ வந்த ஆசாரியும் இப்படித்தான் காதுல பென்சிலைச் சொருகிக்கிட்டு, "இந்த அலமாரி போதும்மா, ரொம்ப நாளைக்கு வரும்"னாரு. தீவாளிக்குள்ள ரொம்பிருச்சு. இப்ப எங்க வீட்டுக்காரவுக, வீட்டுல எடமில்லாம மாட்டுக்கொட்டகைக்கு வந்துட்டாக. என்ன பொஸ்தகம்னு கேளுங்க. சாமி பொஸ்தகமா, புண்ணியமாச்சும் கெடைக்க? குதுர. அம்புட்டும் குதுர. குதுரைக்கு என்ன திங்கக் குடுக்குறது, கொளம்ப எப்படிச் சீவுறது, மேல எப்படி ஏறுறது, ஏறுனா எப்படி எறங்குறது... எறங்குறதுக்கு எதுக்குங்க பொஸ்தகம், அதுவே எறக்கி விட்டுராதா.

இருங்க, முட்டி வலிக்குது, செத்த ஒக்காந்துக்கிறேன். இந்த ஸ்டூலு நீங்க செஞ்சு கொண்டாந்ததுதானே? நல்லா கனமா இருக்கு. மூணு படி வேற வச்சிருக்கீங்க... மேல் அடுக்குல இருக்கதை எடுக்கக் கேட்டிருப்பாக. நான் ஒரு அருவாமனைக்குப் பலகை மாத்தித் தாங்கன்னா காது கேக்காது. பொஸ்தகம் எடுக்க மட்டும் மாடிப்படி.

குதுர எங்கன்னுதானே முழிக்கிறீங்க? எல்லாரும் அதத்தான் கேக்குறாக. குதுர இல்ல தம்பி. இந்த வல்லத்திராக்கோட்டையில, எங்க வீட்டுல, குதுர மயிரு ஒண்ணு கெடையாது. பொஸ்தகம் மட்டும் இருக்கு. அரிசி டிரம்மு மேல குதுரையோட வயித்துவலி. பிரிட்ஜு மேல குதுரையோட பல்லு. பீரோவுல என் பட்டுச்சேலைய ஒதுக்கித் தள்ளிட்டுச் சேணமும் கடிவாளமும். பாதி இங்கிலீசு. ஒண்ணு எந்த ஊரு எழுத்துன்னே தெரியல. கேட்டா, "படத்தப் பாத்தாப் புரியும் பிரகதீசு"ங்கிறாக. எனக்குப் புரியுது, எல்லாம் நல்லாப் புரியுது.

என்னங்க, தரையில எதுக்குச் சரிவு குறிக்கிறீங்க? தண்ணி வடியவா? பொஸ்தகம் என்ன ஒண்ணுக்கா போகும்? அய்யா சொன்னாகளா. சரி, சொல்லுவாக.

எங்க வீட்டுக்காரவுகள ஒங்களுக்கு இப்பத்தான் தெரியும். வெற்றிசெல்வன்னா பஸ் ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். டிரைவரு. மணமேல்குடி ரூட்டுதான் ரொம்ப நாளு ஓட்டுனாக. அங்க ஒருநா குதுரவண்டிப் பந்தயம். ரோட்ட மறிச்சுட்டாங்க. பஸ்ஸுல ஒருத்தருக்குக் கல்யாண வீடு, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி, ஒரு அம்மா கூடையில மீனு நாறுது, எல்லாரும் வையிறாக. இவுக என்ன செஞ்சாக தெரியுமா? இஞ்சினை ஆப் பண்ணிட்டு, பின்னாடி ஏணியப் புடிச்சு பஸ்ஸு கூரையில ஏறி நின்னுட்டாக. போன வண்டியெல்லாம் திரும்பி வந்தப்பறமும் எறங்கல. கண்டக்டரு விசிலடிச்சு விசிலடிச்சு வாயி வீங்கிப் போச்சாம். அன்னைக்குப் புடிச்ச பேயி.

ரிட்டயர்டு ஆனாக, குதுர வேணும்னாக. மத்தவுக எல்லாம் நெலம் வாங்குறாக, கோயிலுக்குப் போறாக...

கதவு ரெண்டு துண்டாவா? மேல் கதவு தனியா, கீழ் கதவு தனியா? காத்துக்குன்னா சொன்னாக? அதுவும் சரிதான், பூஞ்சை புடிச்சுரும்.

படிச்சதை மனசுல வச்சுக்கிட்டாலும் பரவாயில்ல தம்பி. எங்க கார்த்திகாவ மொதமொத பொண்ணு பாக்க வந்தாக. நல்ல எடம். மாப்பிள்ளையோட அப்பா வாசல்லேர்ந்து உள்ள நடந்து வாராரு. இவுக உத்துப் பாத்துட்டு, "சம்பந்தி, பின்னங்கால் வலதுல பாரத்தக் குடுக்க மாட்டேங்குறீங்களே, கொளம்புல ஏதும் குத்திருச்சா"ன்னாக. பின்னங்காலாம். அந்த மனுசன் பஜ்ஜியக் கையில எடுத்தவரு அப்படியே தட்டுல வச்சுட்டாரு. அதோட போனவுகதான். எம் மகளுக்கு நல்லநேரம், திருச்சியில வேற எடம் அமைஞ்சுது. அந்தக் கல்யாணம் முடியிற வரைக்கும் இவுக வாயில நான் வெத்தலைய அடைச்சே வச்சிருந்தேன்.

ஒங்க கையில இருக்க தாள்ல, மூலையில அது என்ன கட்டம்? தண்ணித்தொட்டியா? பொஸ்தகத்துக்கு எதுக்குங்க தண்ணித்தொட்டி? தீப்புடிச்சா அணைக்கவா? அய்யா சொன்னாக, அய்யா சொன்னாகன்னு நீங்களும் சொன்னதையே சொல்லுறீங்க. அவுகளக் கேக்கலாம்னா ஆளும் இல்ல. காலையிலயே சுல்தான் பாயோட குட்டியானை வண்டிய அமத்திக்கிட்டு மணமேல்குடி போயிட்டாக. யாருகிட்டயோ பழைய பொஸ்தகம் ஒண்ணு இருக்காம். ஒரு பொஸ்தகத்த ஏத்திட்டு வர ஒரு லோடு வண்டி. சிரிக்காதீங்க, கூட இருந்து பாத்தாத் தெரியும்.

ஒண்ணு சொல்லுறேன், அவுக காதுல போட்டுறாதீங்க. இந்தப் பொஸ்தகத்துல முக்காவாசி நான் வாங்குனது.

ஆமாங்க, நானேதான். அவுகளுக்கு ஒரு கொணம். ஒரு மிக்சி வாங்குனாக்கூட, அதோட வார சின்னப் பொஸ்தகத்த அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் படிச்சப்பறம்தான் சுவிட்சுல கைவைக்க விடுவாக. நான் சட்டினிக்குக் காத்துக் கெடப்பேன். அப்ப ஒருநா, மணமேல்குடியில குதுரைக்கு வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறாக. நான் பதறாம, "மிக்சிக்கே அவ்வளவு படிச்சீங்க, உசிருள்ள குதுரைக்கு ஒண்ணும் படிக்க வேணாமா"ன்னேன். அதுவும் சரிதான்னு குதுரையத் தள்ளிப் போட்டுட்டாக. அதுலேர்ந்து, எப்பக் குதுர வாங்கக் கெளம்புனாலும் வாசல்ல ஒரு பார்சல் வந்து நிக்கும். போன்ல எப்படி வாங்குறதுன்னு கார்த்திகா சொல்லிக் குடுத்துச்சு. அனுப்புறது அதுதான்னு இவுக நெனப்பு. "எம் மகளுக்குத்தான் எம் மனசு தெரியுது"ன்னு ஊரெல்லாம் பீத்தல். பேரு மகளுக்கு, தூசி தட்டுறது எனக்கு.

ஏன்னா கேக்குறீங்க? அவுக இடுப்ப நீங்க பாக்கல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, மூட்ட எடுத்துட்டு வேற மூட்டு வச்சிருக்கு. இன்னொரு தடவ விழுந்தா நடமாட்டமே இருக்காதுன்னு டாக்டரு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. இவுக மூஞ்சிக்கும் நேராத்தான். இவுக அப்பக்கூட, "டாக்டர், குதுரைக்கு இந்த ஆபரேசன் உண்டா"ன்னாக. நான் என்ன செய்யிறது? மக திருச்சியில. இந்த வீட்டுல எனக்கு அவுக, அவுகளுக்கு நான். பயமா இருக்குங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டாக, பொஸ்தகம் சொன்னாக் கேப்பாக.

இப்ப போன மாசம் ஒண்ணு வாங்குனேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, தடி தெரியும். இருக்கதுலயே தடியாப் பாத்து அமுக்குனேன். ஒரு வருசம் ஓடும்னு நிம்மதியா இருந்தேன். பிரிச்சுப் பாத்தா பூராப் படம். ஒரே வாரத்துல முடிச்சுட்டாக. அதுலேர்ந்து வீட்டுல ஒரே சீட்டி. குளிக்கையில சீட்டி, திங்கயில சீட்டி. ஒங்களுக்குப் போன் பண்ணதும் அன்னைக்குத்தான். என்ன படமா? நான் எங்க ஒழுங்காப் பாத்தேன். என்னமோ வீடு மாதிரி. ஓட்டுக்கூரை... கதவு ரெண்டு துண்டா... தரை சரிவா... மூலையில ஒரு தொட்டி...

தம்பி. அந்தத் தாள இப்படிக் குடுங்க.

கண்ணாடி உள்ள இருக்கு, நீங்களே வாசிங்க. என்னது? முனகாம சொல்லுங்க. லாயமா? குதுர லாயமா? இத வந்ததும் சொல்ல வேண்டியதுதானே. நான் எங்க பேச விட்டேனா... அதுவும் சரிதான்.

சரி, இதுக்கு முன்னாடி லாயம் கட்டியிருக்கீங்களா? இல்லல்ல. பெறகு எந்தத் துணிச்சல்ல கைவைக்கிறீங்க? அந்தத் தடிப் பொஸ்தகத்த எடுத்துத் தாரேன், வீட்டுக்குக் கொண்டுபோயி நிதானமாப் படிங்க. பொங்கல் கழிச்சு வேலைய ஆரம்பிக்கலாம். இங்கிலீசு தெரியாதா? தெரியாட்டி என்ன, கத்துக்கிட்டுப் படிங்க, நான் ஒண்ணும் அவசரப்படல...

யாரு ஆரன் அடிக்கிறது? குட்டியானையா? நீங்க எங்க ஓடுறீங்க, பேசிக்கிட்டு இருக்கேன்ல. வாசல் கேட்ட நான் தொறந்துக்க மாட்டேனா. என்ன அது, தார்ப்பாய்க்கு மேல... பொஸ்தகத்துக்குக் காது இருக்குமா தம்பி?

என்ன, ஓடுன வேகத்துல திரும்பி வாரீங்க. ஸ்டூலா? ஸ்டூலு எதுக்கு அங்கிட்டு? அய்யா கேக்குறாகளா? இப்பவேவா?

ஓ. மேல் அடுக்குக்கு இல்லையா இது. மூணு படி. இடுப்பு நோகாமக் குதுர மேல ஏறுறதுக்கு. நான் இவ்வளவு நேரமும் இதுமேல ஒக்காந்துக்கிட்டுத்தான் ஒங்ககிட்டப் பொலம்புறேனா.

போயி அவுககிட்டச் சொல்லுங்க. குதுர வந்தா வந்துட்டுப் போகுது, இங்கயே கட்டட்டும். புல்லு நானே போடுறேன். ஸ்டூலுதானே கேக்குறாக. அது இப்பக் காலியா இல்ல. எனக்கு முட்டி வலின்னு சொல்லுங்க.