செல்வம் இன்றைக்கு நெகட்டிவ்

தாம்பரத்திலிருந்து கிளம்பிய மாலை ரயிலில், எனக்கு எதிரே இரண்டு ஆய்வுக்கூடப் பெண்கள்.

"அக்கா, செல்வத்துக்கு இன்னைக்கு ஹெபடைடிஸ் நெகட்டிவ்னு வந்துச்சு."

"செத்து எத்தனை வருஷமாச்சு, இப்பதான் மஞ்சக்காமாலை குணமாச்சாக்கும்!"

"சிரிக்காதீங்க. டெஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு பாக்க, ஃப்ரீசர்ல இருக்கற அவரு ரத்தத்தையும் சேத்துவச்சுத்தானே தினமும் டெஸ்ட் பண்றோம்? எப்பவும் பாசிட்டிவ் வரவேண்டிய அதுவே நெகட்டிவ்னா, மத்த ரிசல்ட்டெல்லாம்?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "ரத்த வங்கிக்கு ஓகேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில அந்த ரத்தத்த ஒரு கொழந்தைக்கு ஏத்தறாங்க."

ஊரப்பாக்கத்தில் இருவரும் இறங்கி, தாம்பரம் போகும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்கும் ஒருநாள், இறந்தவர் ஒருவரின் ரத்தம் இப்படி நெகட்டிவ் காட்டியது. நான் அன்று இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.