இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்த பெண்

சுற்றுலா நடத்துகிறவரே, இங்கிலாந்தின் சந்தை ஊர்களில் பழைய ஸ்டேஷன்களையும் பப்களையும் காட்டுவதாகக் கூட்டிப் போய், ஒரு பெண்ணை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். சிட்னியில், ஹோம்புஷில் ரயில் ஏறிய இரண்டு அன்ரிமார் எனக்கு எதிரே உட்கார்ந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்கள் அங்க தொலைஞ்சு போனனீங்களாம், உண்மையே?"

"ஓம். அது ரயில் ஓடாத ஸ்டேஷன். ஆம்பிளையள் பக்கத்துப் பப்புக்குப் போட்டினம். பொம்பிளையள் நாங்கள் போகேல்லை, வெளியில நிண்டனாங்கள். நான் டொய்லெட்டுக்குப் போட்டு வந்து பாத்தா, ஆம்பிளையளின்ர வானும் இல்லை, எங்கட வானும் இல்லை. போனும் வானுக்குள்ள."

"உங்கட அவர் தேடேல்லையே?"

"நான் பொம்பிளையளின்ர வானில எண்டு அவர் நினைச்சவர். அவரோட போட்டன் எண்டு அவையள் நினைச்சவை."

"ஐயோ! பிறகு?"

"பப்புக்காரிதான் கூட்டிக்கொண்டு போய் நெருப்படியில இருத்தினவள். பப்புக்குள்ள கால் வைக்கமாட்டன் எண்ட நான், இருட்டும் வரைக்கும் அங்கதான்!"

இருவரும் சிரித்தார்கள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போகத் திரும்பி வந்த ட்ரிப் நடத்துறவர் மன்னிப்புக் கேக்கேல்லை, மச்சாள். 'சிட்னியில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அடுத்த ட்ரிப்புக்கு ஆள் வராது' எண்டவர்."

மற்றவர் முகம் வெளிறிவிட்டது. "அந்த ட்ரிப்புக்கு நான் அம்மாவின்ர பேரைக் குடுத்திட்டனே! அவவுக்கு இங்கிலீஷும் தெரியாது."

வான் புறப்படுமுன் தலைகளை எண்ண உங்களுக்கு என்ன கேடு? ஆள் சேர்க்கக் கூட்டம் வைப்பீர்கள் அல்லவா? அங்கே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, அந்தப் பெண்ணை ஏன் வாயை மூடச் சொன்னீர்கள் என்று பதில் சொல்லுங்கள்.