அறுத்த கம்பி

நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவர். வாய் கொஞ்சம் நீளம். தன்னால் அடிக்க வைக்க முடியாத மணியே இல்லை என்று மார்தட்டுவார்.

மாலை ஆறு மணி இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத சாலை... கடைசியில் ஒரே ஒரு வீடு. சுற்றிலும் காலி மனை. சுவர்க் கடிகாரத்தில் மணி அடிக்கவில்லை என்று வீட்டுக்காரர் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. முகத்தில் ஈயாடவில்லை.

"இது தேறாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சித்தப்பாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்து என்ன சொல்றீங்க?" என்று சுவர்க் கடிகாரத்தை இறக்கிவிட்டார்.

உள்ளே சுத்தியல் தட்டும் மணிக்கம்பி அறுந்திருந்தது. இல்லை... அறுக்கப்பட்டிருந்தது. அரம் ராவிய தடம் பளபளத்தது. கழற்றிய துண்டை வழக்கம்போல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எந்த வீட்டிலும் பழைய பாகத்தை விட்டுவர மாட்டார், அது அவர் பழக்கம். கொண்டுபோன கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டினார். ஒன்று கீச்சென்றது. ஒன்று தகரம். இன்னொன்று... ணங்ங்... அடிவயிறு வரை இறங்கியது. அதையே மாட்டினார்.

"முள்ளைத் தொடாதீங்க!"

தொட்டார். திருப்பினார்.

ணங்.

உள்ளறையில் யாரோ இருமினார்கள். கட்டில் கிறீச்சிட்டது. கசப்பு மருந்து வாசனை குப்பென்று வந்தது.

"யாரும்மா அது?"

"மாமனார். கண்ணு தெரியாது. மணி அடிச்சா மருந்துக்குக் கையை நீட்டுவார். ராத்திரி பகல் கிடையாது. வெறுத்துப்போய்... கம்பியை நான்தான் அறுத்தேன். மணி அடிக்கல. நானும் கொடுக்கல."

"அப்புறம்?"

"போன மாசம் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துட்டோம்."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது... மெதுவாக. அவள் சித்தப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீதானே அடிக்க வெச்சே? நீயே போய்க் கொடு!"

உதறிவிட்டு ஓடினார். பெருமையும் வேண்டாம், கருவிப் பையும் வேண்டாம். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஒரு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் போன உயிர் திரும்பியது.

அப்போது சட்டைப் பைக்குள்... ணங்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பெரியவரை ஏங்க பின்னாடியே நிக்க வெச்சிருக்கீங்க? கையை நீட்டிக்கிட்டே இருக்காரே... என்ன வேணுமாம்?"