மைனஸ் பக்கம் பாத்து பின்னாடி நட

…நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? கால் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு, அந்த நர்ஸ் பொண்ணு என்னடான்னா, "படிக்கட்டுல வழுக்கிட்டீங்களா டீச்சர்?"னு கேக்குது. இல்லம்மா, கணக்குல வழுக்கிட்டேன்னேன். சிரிக்குது!

ஆமாங்க, கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பு. அய்யோ, அப்படிப் பாக்காதீங்க. உங்களுக்கும் கணக்கு வராதா? எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதுவும் பெருமையா!

எங்க விட்டேன்… ஆங், மைனஸ். எல்லாம் இந்த மைனஸால வந்த வினைங்க. கூட்டல் எப்படியோ உருண்டு பொரண்டு வந்துரும். பெருக்கல்ல மைனஸும் மைனஸும் சேந்தா ப்ளஸ்னு சொல்லணும் பாருங்க, அங்கதான் மாட்டிக்குவோம். இத்தன வருஷமா நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "அது அப்படித்தான், எழுதிக்கோ." எழுதிக்கிட்டாங்க. பரீட்சையில மாத்தி எழுதிட்டு வந்தாங்க. பாதி கிளாஸ் ஃபெயில்! எங்க ஹெச்.எம். கூப்பிட்டு, "இந்த கிளாஸ வேற டீச்சருக்குக் குடுத்துரலாமா"ங்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க?

சரி, மைனஸ்னா ஃபிரிட்ஜ் குளிர் மாதிரின்னு வெச்சு வெளக்குவோம்னு ஆரம்பிச்சேன். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு. வருஷம் பூரா வாயே தெறக்காது. அன்னிக்குன்னு பாத்து எந்திரிச்சு, "குளிரையும் குளிரையும் பெருக்கினா சூடாயிருமா டீச்சர்?"னு கேட்டுச்சு பாருங்க! கிளாஸே கொல்லுனு சிரிக்குது. அது மட்டும் சிரிக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு நிக்குது. நாளைக்குச் சொல்றேன்னு சமாளிச்சுட்டு வந்துட்டேன். ராத்திரி தூக்கமே இல்ல. எங்க வீட்டுக்காரர் ஏசி சரியில்லையானு கேக்கறார்!

அதான் இன்னிக்கு வராந்தா தரையில டேப்ப ஒட்டினேன். நடுவுல பூஜ்யம். இந்தப் பக்கம் ப்ளஸ், அந்தப் பக்கம் மைனஸ். மொத நம்பர் மைனஸா? மைனஸ் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கோ. ரெண்டாவதும் மைனஸா? அப்ப பின்னாடியே நட. மொத நம்பர் ஒரு தடவைக்கு எத்தன கட்டம்னு, ரெண்டாவது எத்தன தடவைன்னு. அவ்வளவுதாங்க! நடந்து பாத்தா, மைனஸப் பாத்துக்கிட்டே நேரா ப்ளஸ்ல போய் நிக்கறான். பசங்களுக்கு ஒரே குஷி. நான், நீன்னு அடிச்சுக்கறாங்க. பெருக்கற ஆயா வேற, "நானும் ஒரு தரம் நடக்கவா?"ங்கறாங்க.

அப்புறந்தான் கெரகம். "டீச்சர் நடங்க, டீச்சர் நடங்க"னு ஒரே கூச்சல். பொடவைய இழுத்துச் சொருகிட்டு கெளம்பிட்டேன். பின்னாடியே போறேன், போறேன்… ஹெச்.எம். ரூம் கதவு தெறக்குது. அவங்க பாட்டுக்கு வெளிய வர்றாங்க. முட்டுச்சு பாருங்க ஒரு முட்டு! நான் ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். அவங்களுக்குக் கை, எனக்குக் கால்.

கதவ மெதுவாத் தெறக்கக் கூடாதா அவங்க? வராந்தாவக் கட்டினவன் இன்னும் கொஞ்சம் நீளமாக் கட்டக் கூடாதா?

என்ன… டேப்பு எதுவரைக்கும் ஒட்டியிருந்தேனா? பத்து வரைக்கும். போர்டுல போட்ட கணக்கு… மைனஸ் மூணு இன்ட்டு மைனஸ் நாலு. சிரிக்காதீங்க! எழுதினது… நான்தான். ஆர்வத்துல எழுதிட்டேங்க!

ஆனா ஒண்ணு. எல்லாரும் அலறிட்டு ஓடி வர்றாங்க. அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு மட்டும் குனிஞ்சு, டேப் முடிஞ்ச எடத்துலேர்ந்து தரைய அளக்குது. "டீச்சர், ப்ளஸ் பன்னண்டு! கரெக்டா வந்து விழுந்திருக்கீங்க!"ங்குது. மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம்! வலியே தெரியலைங்க எனக்கு.

ஸ்ஸ்… அந்தா, எக்ஸ்ரே ரூம்லேர்ந்து வர்றாங்க, அவங்கதான். என்ன மேடம், எலும்பு முறிவு இல்லையா? அப்பாடா! சாரி மேடம்… என்னது? கிளாஸ் எனக்கேவா? டேப்ப மட்டும் மைதானத்துல ஒட்டணுமா? ஒட்டிரலாம் மேடம், நூறு வரைக்கும் ஒட்டிரலாம்! ஏங்க, கேட்டீங்களா இவங்க…

அட, பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தவங்க எங்க போனாங்க? இப்பத்தான இங்க இருந்தாங்க! சரி விடுங்க, சீட்டு காலியாத்தான் இருக்கு. உக்காருங்க மேடம். பெருக்கலாவது பரவால்ல. இந்தக் கழித்தல் இருக்கே…