சட்டைகளுக்கு நடுவே

விளக்கை அணைத்தாயிற்றா? கிட்ட வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதனின் சித்திக்கு நடந்தது. பயந்தாங்கொள்ளிகள் இப்போதே எழுந்து போகலாம்... பாதியில் போனால் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

இரவு பதினோரு மணி. அடங்கிப்போன தெரு, ஒரு நாய்கூட இல்லை. தெருக்கோடி வீட்டில், துணி அலமாரிக்குள் உட்கார்ந்து சித்தி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

சிரிக்காதீர்கள். அதுதான் அவள் பிழைப்பு. பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். சுற்றிலும் துணி தொங்கினால் எதிரொலி வராது. ஆள் நுழையக்கூடிய அந்த அலமாரியில் தொங்கியதெல்லாம் சித்தப்பாவின் சட்டைகள். அவரை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகிறது. "யாருக்காவது குடுத்துடேண்டி" என்பாள் அக்கா, அதாவது என் சிநேகிதனின் அம்மா. "தொழிலுக்கு வேணும்க்கா" என்பாள் சித்தி. பச்சைப் பொய். பேச ஆளில்லாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய புத்தகம் ஒரு பழைய காவியம். செத்தவன் ஒருவன் ரத்தம் குடிக்க எழுந்து வருகிறான். அந்நியர் ரத்தம் அவனுக்கு ஆகாது. உயிரோடு இருந்தபோது யாரிடமெல்லாம் பாசம் வைத்தானோ, அவர்கள் ரத்தம்தான் வேண்டும். ஆனால் உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிடாமல் எந்த வாசலையும் அவனால் தாண்ட முடியாது. காவியத்தில் அவன் மனைவியே கூப்பிடுகிறாள்... "கதவு தாழிடவில்லை. உள்ளே வா."

அந்த வரியில் சித்தி தடுமாறினாள். வாசிப்பில் பிசகினால் ஒரு கைதட்டல், பிறகு அதே வரி மறுபடியும். பிறகு பதிவைச் சரிசெய்பவர்கள் தட்டல் கேட்கும் இடத்தைப் பார்த்துக் கெட்டதை வெட்டிவிடுவார்கள். டப்... "உள்ளே வா." குரல் உடைந்தது. டப்... "உள்ளே வா." அந்தச் சட்டைகளுக்கு நடுவே எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒருவழியாக வரி சுத்தமாக வந்தது. அப்போது... வாசலில் ஒரு செருமல். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சித்தப்பா செருமுவாரே, அதே செருமல். பின்னாலேயே ஈர மண் வாசனை.

காலையில் ஒரு சட்டை கசங்கியிருந்தது. காலரில் மண். சித்தியின் கழுத்தோரம் எறும்பு கடித்த மாதிரி இரண்டு புள்ளிகள். பயந்தாளா? ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

தினமும் ஒரு சட்டை கசங்கியது. சித்தி வெளுத்துக்கொண்டே போனாள். ஒருநாள் படியில் மயங்கி விழுந்தாள்.

"உடம்புல ரத்தமே இல்லைங்கறார் டாக்டர். இனிமே எங்ககூடத்தான் இருக்கணும் நீ" என்று அக்கா பெட்டியைக் கட்டினாள்.

"வேணாம்க்கா. நான் அங்க வந்தா..."

மேலே என்ன சொல்வாள்? சொன்னால் பைத்தியம் என்பார்கள். அக்காவின் பிள்ளைகள் என்றால் சித்தப்பாவுக்கு உயிர். தோளைவிட்டு இறக்கவே மாட்டார். அதை நினைத்தபோதுதான் சித்தி முதல்முறையாகப் பயந்தாள்.

அக்கா வீட்டில் முதல் இரவு. பிள்ளைகள் பக்கத்தில் தூங்க, சித்தி விழித்தே கிடந்தாள். ஜன்னல் வழியாக மண் வாசனை வந்தது. செருமல். பிறகு கதவில் மெல்ல... டொக்... டொக்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. அவரைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை! போர்வையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. வாயை மட்டும் திறக்கவில்லை.

வெகுநேரம் கேட்ட தட்டல் ஓய்ந்தது. போய்விட்டார். சித்தி பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

டொக்... டொக்.

கூடத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அரைத் தூக்கத்தில் அக்காவின் குரல், வாசலில் யார் நின்றாலும் சொல்லிப் பழகிய குரல்...

"யாரு? வாங்க... உள்ள வாங்க."