குளிச்சது நல்லதாகட்டும்

நெவெனா,

குளித்துவிட்டு வருகிறவரைப் பார்த்தால் நம் ஊரில் "குளிச்சது நல்லதாகட்டும்" என்று வாழ்த்துவோம். வியன்னாவில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று உன் அப்பா குறைப்பட்டுக்கொண்டார். உன்னோடு ஒரு மாதம் இருக்கப் போனவர் பத்தே நாளில் திரும்பி வந்தாரே, அப்போது சொன்னது.

நான் ரும்யானா. அடக்கத்தன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத நீச்சல் குளத்து நர்ஸ். அந்த அழுகை பொய்யில்லை.

பத்தொன்பது வருஷமாக இந்தக் குளத்தில் இருக்கிறேன். வருகிறவர்களின் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டையில் முத்திரை குத்துவது, இவைதான் என் வேலை. கூடவே புலம்பலும் கேட்க வேண்டும். காதில் தண்ணீர் போய்விட்டது, தோல் அரிக்கிறது, கண் எரிகிறது, இருமல் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: குளோரின். பாதி நேரம் அது உண்மையும்கூட.

உன் அப்பா புலம்ப மாட்டார். காலை ஏழு மணிக்கு வந்தால் நாற்பது நீளம் நீந்திவிட்டுத்தான் ஏறுவார். "என்ன கேப்டன், முப்பது வருஷம் டான்யூப்ல சரக்குப் படகு ஓட்டினீங்க, அப்போ தண்ணியத் தொட்டதே இல்லையா?" என்று சீண்டுவேன்.

"அது ஆபீஸ், சிஸ்டர். ஆபீசுக்குள்ள எவனாவது குதிப்பானா?"

தலையைத் துவட்டிக்கொண்டே என் அறைக்கு வருவார். நான் வாழ்த்துவேன். லிண்டன் பூ டீயில் தேன் விட்டுக் கொடுப்பேன். இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க என்னிடம் பேசுகிறவர்கள் எதையாவது கேட்கத்தான் பேசுவார்கள். அவர் சும்மா பேசினார்.

அறுபது தாண்டியவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொண்டால்தான் முத்திரை. கிளினிக்கிலிருந்து உறை நேரே என் மேசைக்கு வரும். நான்தான் படித்துச் சொல்வேன். போன செப்டம்பரில் அவருடையது வந்தது. நீச்சலை உடனே நிறுத்த வேண்டும், சோஃபியாவுக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

மறுநாள் சொல்லிவிடத்தான் நினைத்தேன். மறுநாள் அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். புதுச் சட்டை போட்டு, குளத்தில் எல்லோருக்கும் சாக்லேட் நீட்டிக்கொண்டே வந்தார். "குத்துங்க சிஸ்டர் முத்திரைய. நூறு வயசு வரைக்கும் இந்த நாலாவது வரிசை என்னோடது." அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? குத்தினேன்.

சிகிச்சை முடிந்தால் நீ அவரை வியன்னாவுக்கே அழைத்துப் போயிருப்பாய். அங்கே அவர் வாடிப்போயிருப்பார். நீயே யோசித்துப் பார்.

நவம்பரில் நீ போன் செய்தாய். "அப்பாவுக்கு மூச்சு வாங்குதாமே ஆன்ட்டி, ரிப்போர்ட்ல எதுவும் இல்லையே?" என்றாய். "வாலிபனோட இதயம் கண்ணு, நீ நிம்மதியா இரு" என்றேன். அன்று காலை பிரஷர் நூற்றெண்பது காட்டியது. அவரிடம் நூற்று நாற்பது என்றேன். வீணாகப் பயந்தால் இன்னும் ஏறும் அல்லவா?

ஜனவரியில் ஒருநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். "இங்க ஏதோ இறுக்கிப் பிடிக்குது சிஸ்டர்."

"குளோரின்தான் கேப்டன். இந்த வாரம் கொஞ்சம் கூடப் போட்டுட்டாங்க."

"நீங்க சொன்னா சரி" என்றார். அந்த வார்த்தையை நான் நிறைய நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை டீ ஆறிப்போனது. நாலாவது வரிசையிலிருந்து அவரைத் தூக்கித் தரையில் கிடத்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இருபத்தைந்து நிமிஷம் நெஞ்சை அழுத்தினேன். அவர் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாழ்த்து தானாக வாயில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஜெபம் என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஈரம் காயட்டும் என்று துப்புரவு செய்கிற ஸ்தோயான்கா ஷவர் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். நம் ஜனங்களுக்கு ஓநாயைவிட ஜன்னல் காற்றிடம்தான் பயம். "நனைஞ்ச உடம்புல குளிர்காத்து பட்டா நெஞ்சு நிக்காம என்ன செய்யும்?" என்று ஒருத்தர் சொன்னார், பொழுது சாய்வதற்குள் ஊரே சொன்னது. மேனேஜர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அடக்கத்தன்று நீயும் அவளிடம், "ஏம்மா அந்த ஜன்னலத் திறந்தீங்க?" என்று கேட்டாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆறாம் மாத நினைவு அறிவிப்பைக் குளத்து வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நேற்று காலை ஸ்தோயான்கா அதன் முன்னால் நின்று, படத்தில் இருக்கிற உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போகும்வரை என்னால் உள்ளே நுழைய முடியவில்லை.

டாக்டர் அனுப்பிய உறையை இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல் காற்று உன் அப்பாவைக் கொல்லவில்லை. நான் கொன்றேன். அவளைத் தேடிப்போய்ச் சொல். இந்தக் காகிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஒன்றை மட்டும் நம்பு: நான் செய்தது அவருக்காகத்தான், என் சுயநலம் அதில் ஒரு துளியும் இல்லை.

குளத்தில் இப்போதெல்லாம் கூட்டம் குறைவு. ஒரு மாதமாக ஆசென் என்று ஒரு பெரியவர் புதிதாக வருகிறார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர், மனைவி இல்லை, நன்றாகப் பேசுகிறார். அவருக்கும் லிண்டன் டீதான் பிடிக்கிறது. நேற்று படி ஏறி வரும்போது நெஞ்சில் ஏதோ இறுக்குகிறது என்றார்.

குளோரின் என்று சொன்னேன்.