முத்திரை பெற்ற பிழை: ஆசிரியை சா மியோங்-ஓக் அவர்களுக்கு

ஆந்தோங் நகர் சொல்மே பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்து இன்று விடைபெறும் ஆசிரியை சா மியோங்-ஓக் அவர்களே, சோர்வறியாத கரத்தீரே, சொன்ன சொல் மாறாதவரே, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவரே, உடன் பணியாற்றிய நாங்கள் எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்.

இப்பள்ளி எங்களுக்கு ஒரு வீடு. வீட்டின் பெயரைக் காப்பது எளிதன்று. காத்தவர்களில் தாங்கள் முன்னவர். தங்கள் நேரந்தவறாமையையும் நேர்மையையும் ஊரே அறியும். அவற்றை இங்கே அடுக்கி நேரம் போக்க மாட்டோம். ஊர் அறியாத ஒன்றை மட்டும் சபையில் வைக்கிறோம். அது மின் சேபோம் என்ற மாணவியைப் பற்றியது. அவளே எங்களிடம் சொன்னது.

தங்கள் பெயரைக் கேட்டாலே பழைய மாணவியர் விரல்களைத் தேய்த்துக்கொள்வார்கள். காரணம் கம்ஜி. பாடத்தைத் தாள் நிறைய எழுதி, வரிகளின் இடுக்கிலும் எழுதி, வெள்ளை தெரியாமல் கருக்கும் வீட்டுவேலை. மறுநாள் அந்தத் தாளைத் தாங்கள் சன்னலுக்கு நேரே பிடிப்பீர்கள். வெளிச்சம் ஊடுருவினால் மறுபடி எழுத வேண்டும். ஊடுருவாவிட்டால் சிவப்பு முத்திரை.

இரண்டாம் ஆண்டு மாணவி சேபோமுக்கு மனப்பாடம் பாரமாக இருந்ததில்லை. தேர்வுக்குப் படித்ததெல்லாம் தேர்வறைக்கு வெளியே காற்றுப் பட்டதும் பாதி போய்விடும், மீதி மதியச் சாப்பாட்டோடு போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக வருந்தவும் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தானே என்று நினைத்தாள். கை வலிக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று பேனாக்களை நாடாவால் சேர்த்துக் கட்டி, ஒரே இழுப்பில் மூன்று வரி எழுதினாள்.

"மூணு பேனா மகாராணி வந்துட்டாங்கடி, வழி விடுங்க," என்பாள் தோழி போரா. சொல்லிவிட்டு, படிப்பறையில் அவள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். சேபோம் எழுத எழுத, தாள் கருக்கும் முன்பே மற்றவர்கள் அதைப் பார்த்துத் தம் தாளில் எழுதிக்கொள்வார்கள். புத்தகத்தைத் திறப்பதைவிட அது சுலபம்.

அந்த வசந்தத் தேர்வுக்கு முன், கொரியத் துறைமுகங்களை ஜப்பானுக்குத் திறந்துவிட்ட கங்ஹ்வா உடன்படிக்கையின் ஆண்டை அவள் மாற்றி எழுதிவிட்டாள். 1876 என்பது 1867 ஆனது. மூன்று பேனாவும் பிழையை மும்மூன்றாகப் பெருக்கின. தாள் கருத்தது. தாங்கள் சன்னலுக்கு நேரே பிடித்தீர்கள். வெளிச்சம் வரவில்லை. முத்திரை விழுந்தது.

தேர்வில் பாதி வகுப்பு 1867 என்று எழுதியது.

பள்ளியின் துணை முதல்வர் நோ என்பவர் விசாரணைக் குழுவைக் கூட்டினார். எல்லா விரல்களும் சேபோமைக் காட்டின. தேர்வில் முறைகேடு என்று முடிவானால் வரலாற்றுக்குப் பூச்சியம். பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒரு வரி ஏறும். அந்த வரியைப் பார்த்தபின் எந்தப் பல்கலைக்கழகமும் கதவு திறக்காது. அவள் தந்தை கருப்புக் கோட்டு அணிந்து வந்து, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"பாதி கிளாஸுக்கு ஒரே தப்பு. தானா வருமாம்மா இது?" என்றார் துணை முதல்வர்.

"எங்க மின் குடும்பத்துல அடுத்தவன் தாளை எட்டிப் பாத்தவன் எவனும் கிடையாது சார்," என்றார் தந்தை. "இவ பாத்திருந்தா சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

சேபோம் எழுந்து நின்றாள். சொன்னாள்: "காப்பி அடிச்சிருந்தா எங்கள்ல ஒருத்தியாவது சரியான தாளைப் பாத்து எழுதியிருப்பா சார். மனப்பாடம் பண்ணதாலதான் எல்லாரும் சேந்து தப்பா எழுதினோம்."

"வாய் ரொம்ப நீளுது."

அறையில் தாங்களும் இருந்தீர்கள். "எப்படிப் படிச்ச? எழுதிக் காட்டு," என்றீர்கள்.

சேபோம் தந்தையைப் பார்த்தாள். பையைத் திறந்தால் வீட்டுவேலையில் செய்த குறுக்குவழி அவர் கண்முன்னே வெளியே வரும். திறக்காவிட்டால் திருடி என்ற பெயர் நிற்கும். திறந்தாள். கட்டிய பேனாக்களை எடுத்து ஒரே இழுப்பில் எழுதினாள். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று 1867. தந்தை தரையைப் பார்த்தார்.

"இப்படி எழுதின கம்ஜித் தாளுக்கு முத்திரை போட்டது நான்," என்றீர்கள் தாங்கள். "கருப்பா இருக்கான்னு பாத்தேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கல."

"டீச்சர், இதெல்லாம் அறிக்கையில வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பேரு இருக்கு," என்றார் துணை முதல்வர்.

"பள்ளிக்கூடத்துப் பேருக்காகத்தான் சார் சொல்றேன். பிள்ளைங்க பேரை எடுத்துட்டு என் பேரை எழுதுங்க." பிறகு சேபோமிடம் திரும்பினீர்கள். "நாளையிலிருந்து கம்ஜி கிடையாது. இந்தக் கேள்விக்கு மார்க்கும் கிடையாது. தப்பு தப்புதான்."

மதிப்பெண் போனதற்கு எவரும் மேல்முறையீடு செய்யவில்லை. மூத்த ஆசிரியை ஒருவரின் பெயர் அறிக்கையில் ஏறியது இப்பள்ளி வரலாற்றில் அதுவே முதல்முறை. அதனால் பள்ளியின் மதிப்பு ஒரு மாற்றுக் குறையவில்லை என்பதை இச்சபையில் தலை நிமிர்ந்து சொல்கிறோம்.

அடுத்த தேர்வில் தாங்கள் ஆண்டைக் கேட்கவில்லை. துறைமுகம் திறந்ததால் யார் பிழைத்தார்கள், யார் கெட்டார்கள், உன் சொல்லில் எழுது என்று கேட்டீர்கள். சேபோம் வெகுநேரம் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குள் பார்த்தெழுத ஒன்றுமே இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு, நொடிந்து கெட்டவர்களிலிருந்து தொடங்கினாள்.

விடைத்தாள் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் தந்தை கேட்டார்.

"எவ்வளவு?"

"பத்துக்கு ஆறு."

"ஆறா? உனக்கா?"

"ஆறுதாம்ப்பா. ஆனா நானே யோசிச்சு எழுதினது."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சரி, என்ன எழுதின? சொல்லு, கேப்போம்."

அவள் சொன்னாள். அவர் மறுத்தார். அவள் விடவில்லை. அதுவரை மதிப்பெண்ணை மட்டுமே கேட்ட அந்த வீட்டில், பாடம் என்னவென்று கேட்கப்பட்டது அன்றுதான். சூப் ஆறிப்போய் இரண்டாம் முறை சூடாக்கப்பட்டபோதும் வாதம் முடியவில்லை.

ஆசிரியை அவர்களே, தாங்கள் உடல் நலத்தோடும் உறுதி குன்றாத மனத்தோடும் நெடுங்காலம் எங்களிடையே வாழ வேண்டும். நாக்தோங் ஆற்றங்கரையில் தங்கள் காலை நடை தடைபடாதிருக்க வேண்டும். வழியில் எங்களைக் காணும்போது, நாங்கள் பிழையாக ஏதேனும் பேசினால், வயதையும் பதவியையும் பாராமல் அங்கேயே திருத்துங்கள். நாங்கள் நின்று கேட்போம்.

தங்கள் பெயரைத் தம் பெயராகப் போற்றும்,
சொல்மே பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்
ஆந்தோங், பிப்ரவரி இறுதி நாள்